மேசை லாச்சிக்குள் கிடந்த ரிப்போட்: சிறுநீரகச் செயலிழப்பு பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

2016ஆம் ஆண்டு எனது வாப்பா ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அப்போது அவருக்கு 61 வயது. பத்து வருடங்களுக்கு மேலாக சீனி வியாதி இருந்தது. ரிப்போட்டில் ‘சீரம் கிரியேட்டினின் 1.9’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திர அடையாளம் போட்டிருந்தார்கள். வாப்பா அதை இரண்டாக மடித்து, கடை மேசையின் லாச்சிக்குள் பற்றுச்சீட்டுகளோடு வைத்துவிட்டார்.

அந்த ரிப்போட்டை நானும் பார்த்தேன். ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்று வந்தவன் நான். சாதாரண தர வகுப்புக்குச் சிறுநீரகத்தியின் படத்தைப் புத்தகம் பார்க்காமலே கரும்பலகையில் வரைவேன். அப்படிப்பட்ட நான் அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு, “1.9தானே, இரண்டு கூட இல்லையே” என்று நினைத்தேன். வாப்பாவும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மகன், எனக்கு மூத்திரம் நல்லாத்தான் போகுது. கிட்னி பழுதெண்டா மூத்திரம் நிக்கணுமே?”

அந்த நேரத்தில் வாப்பாவின் சிறுநீரகங்கள் தமது வேலைத்திறனில் பாதிக்கு மேல் இழந்திருந்தன. அது எங்களுக்கு விளங்க இரண்டு வருடங்கள் பிடித்தன. அந்த இரண்டு வருடங்களில் செய்திருக்கக்கூடிய எதையும் நாங்கள் செய்யவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. இங்கே எழுதியிருப்பதை உங்கள் வைத்தியரிடம் கேள்வி கேட்பதற்கான உதவியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

மூடிய கைமுட்டி அளவான இரண்டு உறுப்புகள் முதுகுப் பக்கமாக, கீழ் விலா எலும்புகளை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள். இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்விரண்டு சிறிய உறுப்புகளுக்குத்தான் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் திரவம் வடிக்கப்பட்டு, அதில் 99 வீதமளவு மீண்டும் உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. எஞ்சும் ஒன்றரை லீற்றரளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது.

கழிவகற்றுவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. உடலின் உப்பு, பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றைச் சமநிலையில் வைப்பதும், பிரஷரைக் கட்டுப்படுத்துவதும் சிறுநீரகமே. செங்குருதிக் கலங்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொயெட்டின் என்ற ஓமோன் அங்கிருந்துதான் பெருமளவில் வருகிறது. எலும்புக்குத் தேவையான விற்றமின் டியைச் செயற்படும் நிலைக்கு மாற்றுவதும் அதுவே. சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தச்சோகை, எலும்பு நோவு, கட்டுப்படாத பிரஷர், மூச்சுத்திணறல் எல்லாம் ஒன்றாக வருவதற்குக் காரணம் இதுதான்.

வாப்பா கேட்ட கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. பழுதான சிறுநீரகமும் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரோடு போகவேண்டிய கழிவுதான் போவதில்லை. சிறுநீரின் அளவை வைத்துச் சிறுநீரகத்தின் நலத்தை எடைபோட முடியாது.

ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

ஒரு பாடசாலையில் பாதி ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுப் போனாலும் மீதிப் பேர் கூடுதல் பாடவேளைகளை எடுத்துச் சமாளிப்பார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்குப் பாடசாலை வழமைபோல நடப்பதாகவே தெரியும். சிறுநீரகத்திகளும் அப்படித்தான். சில அழிந்தால் மற்றவை அதிக வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அந்தக் கூடுதல் சுமையே பின்னர் அவற்றையும் அழிக்கிறது. கால் வீக்கம், பசியின்மை, குமட்டல், உடல் அரிப்பு, மூச்சிளைப்பு போன்றவை தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பகுதி வேலைத்திறன் போய்விட்டிருக்கும். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பவருக்கு இந்த நோய் கால அவகாசம் தருவதில்லை.

இரண்டு பரிசோதனைகள்

நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க இரண்டு எளிய பரிசோதனைகள் போதும்.

முதலாவது, இரத்தத்தில் கிரியேட்டினின். இது தசைகளிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் வடிக்கத் தவறும்போது இதன் அளவு கூடும். ஆனால் இலக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. வயதையும் பாலையும் சேர்த்துக் கணித்து, வடிகட்டும் வேகத்தை அறிய வேண்டும். இதையே ஆய்வுகூடங்கள் ‘ஈ.ஜி.எப்.ஆர்’ என்று எழுதுகின்றன. 25 வயது வாலிபர் ஒருவருக்குக் கிரியேட்டினின் 1.2 என்றால் வடிகட்டும் வேகம் சுமார் 86. அதே 1.2 ஒரு 70 வயது மூதாட்டிக்கு இருந்தால் வேகம் 50க்கும் கீழே. ஒரே இலக்கம்தான். ஒருவருக்குப் பெரிய பிரச்சினையில்லை, மற்றவருக்கு உடனே கவனிக்க வேண்டிய நிலை. எனது வாப்பாவின் 1.9ஐ இப்போது கணித்துப் பார்த்தால் சுமார் 40 வருகிறது.

இந்த வேகம் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை, அதாவது செயலிழப்பு. 60க்கு மேல் இருந்தாலும் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தால் நோய் ஆரம்பித்துவிட்டது என்றே பொருள்.

இன்னுமொரு விடயம். சில ஆய்வுகூடங்கள் கிரியேட்டினினை மில்லிகிராம் அலகிலும், சில மைக்ரோமோல் அலகிலும் தருகின்றன. 1.9 மில்லிகிராமும் 168 மைக்ரோமோலும் ஒரே அளவுதான். போன தடவை 1.9 இருந்தது, இந்தத் தடவை 168 என்று வந்திருக்கிறது என்று பதறிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ரிப்போட்டுகளை ஒப்பிடும்போது அலகை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, சிறுநீரில் அல்புமின் புரதம். சிறுநீரகத்தின் வடி ஓட்டை பெருக்கத் தொடங்கினால், வெளியேறக் கூடாத புரதம் சிறுநீரில் கசியும். சீனி வியாதியால் வரும் பாதிப்பில் கிரியேட்டினின் கூடுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இதைக் காணலாம். அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் சாதாரணம். 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300க்கு மேல் என்றால் பாதிப்பு கடுமையானது. சீனி வியாதி அல்லது பிரஷர் உள்ள ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்த இரண்டையும் செய்ய வேண்டும். குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும் அப்படியே.

யாருக்கு, ஏன் வருகிறது?

உலகெங்கும் முதற்காரணம் சீனி வியாதி, அடுத்தது உயர் இரத்த அழுத்தம். சிறுநீரகக் கற்கள், ஆண்களுக்கு முதுமையில் வரும் புரொஸ்டேட் வீக்கத்தால் ஏற்படும் அடைப்பு, சிறுநீரக வடிகளில் வரும் அழற்சி, பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் என்பனவும் காரணங்களே.

எமது நாட்டுக்கு இன்னுமொரு துயரம் உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும் அவற்றை அண்டிய வரண்ட பிரதேசங்களிலும் சீனியோ பிரஷரோ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி வருகிறது. குடிநீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், பாரஉலோகங்கள், வெயிலில் நீர்ச்சத்திழந்து வேலை செய்வது எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒரே காரணம் என்று எதுவும் இன்னும் உறுதியாகவில்லை. இந்நோயாளர்களை மனதிற்கொண்டே சீன உதவியுடன் பொலன்னறுவையில் தேசிய சிறுநீரக விசேட வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டது. அப்பிரதேசங்களில் எமது மக்களும் பரம்பரையாக வேளாண்மை செய்து வாழ்கிறார்கள். அவர்கள் உடலில் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இவை மெல்ல மெல்ல வருபவை. திடீரென வரும் செயலிழப்பு வேறு. கடும் வயிற்றோட்டம், வயலில் தொற்றும் எலிக்காய்ச்சல், விரியன் பாம்புக்கடி, சில மருந்துகள் ஆகியவற்றால் சில நாட்களிலேயே சிறுநீரகம் நின்றுபோகலாம். இதில் உரிய நேரத்தில் வைத்தியசாலைக்குப் போனால் பலருக்கு முழுமையாகவே குணமாகிறது. தற்காலிகமாக டயலிசிஸ் செய்து பின்னர் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. “அவருக்கு டயலிசிஸ் செய்தும் நின்றுவிட்டதே, உனக்கு ஏன் நிற்கவில்லை?” என்று நாட்பட்ட நோயாளியிடம் கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும்.

பழுதை எப்படி மெதுவாக்கலாம்?

நாட்பட்ட நோயில் அழிந்த சிறுநீரகத்திகள் திரும்ப வருவதில்லை. ஆனால் மிஞ்சியிருப்பவற்றை வருடக்கணக்கில் காப்பாற்ற முடியும்.

பிரஷரைப் பெரும்பாலானோருக்கு 130/80க்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறார்கள். லொசார்டன், எனலாபிரில் வகை மாத்திரைகள் பிரஷரைக் குறைப்பதோடு புரதக் கசிவையும் குறைக்கின்றன. சீனி வியாதிக்கென்று வந்த எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தையும் பாதுகாக்கின்றன என்பது கடந்த சில வருட ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. உங்களுக்கு இவை பொருந்துமா என்று கிளினிக்கில் கேளுங்கள். மெட்போமின் பாவிப்பவர்கள், வடிகட்டும் வேகம் குறையும்போது அதன் அளவைக் குறைக்கவும் ஒரு கட்டத்தில் நிறுத்தவும் வேண்டியிருக்கும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. கருவாடு, ஊறுகாய், பொதிகளில் வரும் நொறுக்குத்தீனி எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். புகைத்தலை விட வேண்டும்.

மூட்டு நோவுக்கும் முதுகு நோவுக்கும் பார்மசியில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்ற மாத்திரைகள் பலவீனமான சிறுநீரகத்துக்குப் பெரும் கேடு. காமரங்காய்ச் சாறும் பிலிங் காய்ச் சாறும் கொலஸ்ட்ரோலுக்கு நல்லது, சீனிக்கு நல்லது என்று வட்ஸ்அப்பில் வருகின்றன. அவற்றிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து அதனை அடைத்துவிடும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்குக் காமரங்காய் மூளையைப் பாதித்து வலிப்பையும் மரணத்தையும் கூட ஏற்படுத்தலாம்.

இனி, சொல்லத் தயக்கமான ஒரு விடயம். லாச்சிக்குள் ரிப்போட் கிடந்த காலத்தில் ஒருவர் வீடு தேடி வந்து ஒரு தூள் கொடுத்தார். “டயலிசிஸ் இல்லாமலே கிட்னியைச் சுத்தம் பண்ணிடும்” என்றார். வாப்பா அதை ஒன்றரை வருடம் குடித்தார். அதில் என்ன இருந்தது என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்று நம்பினோம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக ஒரு சிகிச்சை நிலையம் கொடுத்த மூலிகை மாத்திரைகளில் அரிஸ்டோலோக்கியா இனத்து மூலிகை கலந்திருந்தது. அதனால் பல பெண்களுக்குச் சிறுநீரகங்கள் முற்றாகப் பழுதாயின. மூலிகையும் மருந்துதான், அதற்கும் விளைவுண்டு. மார்க்கத்தின் பெயரையோ பாரம்பரியத்தின் பெயரையோ சொல்லி ஒருவர் மருந்து தந்தால், அதையும் உங்கள் வைத்தியருக்குக் காட்டிய பிறகே வாய்க்குள் வையுங்கள். துஆவும் நோய்க்கு மருந்து செய்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

டயலிசிஸ் என்றால் என்ன?

2018 டிசம்பரில் ஒரு இரவு வாப்பாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு நாட்களாகச் சத்தி. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது கிரியேட்டினின் 11ஐத் தாண்டியிருந்தது. இதயத்தை நிறுத்தக்கூடிய அளவுக்குப் பொட்டாசியம் ஏறியிருந்தது. கழுத்து நாளத்தில் குழாய் போட்டு அன்றிரவே டயலிசிஸ் ஆரம்பித்தார்கள். “ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீங்க?” என்று வைத்தியர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

டயலிசிஸ் என்றால் மௌத்துக்கு முந்திய கட்டம் என்றே நான் நினைத்திருந்தேன். ஊரில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியை வெளியே ஒரு இயந்திரம் செய்வதுதான். இரத்தம் ஒரு குழாயால் வெளியே வந்து, ஆயிரக்கணக்கான மெல்லிய நார்க்குழாய்கள் கொண்ட வடியினூடாகப் போகிறது. கழிவும் மேலதிக நீரும் அங்கே பிரிந்துவிட, சுத்தமான இரத்தம் மற்றக் குழாயால் உடலுக்குத் திரும்புகிறது. நெதர்லாந்தில் வைத்தியர் வில்லெம் கொல்ஃப் 1943இல் உருவாக்கிய இயந்திரத்திலிருந்து இந்தச் சிகிச்சை வளர்ந்தது. ஒரு தடவைக்குச் சுமார் 4 மணித்தியாலம், வாரத்துக்கு மூன்று தடவை என்பதே பொதுவான அளவு. எமது அரச வைத்தியசாலைகளில் இயந்திரங்களும் ஆளணியும் போதாமையால் பலருக்கு வாரத்தில் இரண்டு தடவையே கிடைக்கிறது. அதனால் அவர்கள் தண்ணீரிலும் உணவிலும் இன்னும் கவனமாக இருக்க வேண்டியுள்ளது.

கழுத்துக் குழாய் அவசரத்துக்கானது. அதில் கிருமித் தொற்று வருவது எளிது. நிரந்தர வழி ‘பிஸ்டியூலா’. கையில் ஒரு நாடியையும் நாளத்தையும் சிறிய சத்திரசிகிச்சையால் இணைப்பார்கள். அது தடித்து ஊசி ஏற்றத் தயாராகக் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். ஆகவே நான்காம் நிலையிலேயே வைத்தியர் பிஸ்டியூலா போடச் சொன்னால் “இப்பவே என்னத்துக்கு?” என்று தள்ளிப்போடாதீர்கள். வாப்பாவுக்கு அது முன்பே இருந்திருந்தால் கழுத்துக் குழாயோடு, இரண்டு முறை காய்ச்சலோடு, மூன்று மாதங்கள் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. பிஸ்டியூலா உள்ள கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. விரலை வைத்தால் ஒரு அதிர்வு தெரியும். அதைத் தினமும் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொரு முறை வயிற்றறை டயலிசிஸ். வயிற்றில் பொருத்திய மென்குழாயினூடாகச் சுமார் 2 லீற்றர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றுவார்கள். நாளுக்கு நான்கு தடவை வீட்டிலேயே செய்யலாம். தூரத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு இது பெரும் உதவி. கைகளின் சுத்தமும் இடத்தின் சுத்தமும் தவறினால் வயிற்றறையில் தொற்று வரும்.

மிக வயதானவர்களும் வேறு கடும் நோய் உள்ளவர்களும் டயலிசிஸ் வேண்டாம் என்று வைத்தியரோடு கலந்து பேசித் தீர்மானிப்பதுமுண்டு. அப்போதும் மூச்சிளைப்பு, அரிப்பு, நோவு ஆகியவற்றுக்கு மருந்து தொடரும். அது நோயாளியைக் கைவிடுவது ஆகாது.

ஒரு டயலிசிஸ் தவறுவதும் சிறிய விடயமல்ல. கொவிட் காலத்தில் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்ட அந்த மாதங்களில் வாப்பா வைத்தியசாலைக்குப் போகவே பயந்தார். “அங்க வெச்சு மௌத்தானா என்ன செய்வாங்களோ மகன்” என்றார். இரண்டு தடவை போகாமல் விட்டார். நுரையீரலில் நீர் கோத்து, பின்னர் தூக்கிக்கொண்டுதான் ஓடினோம். 2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் அயல்வீட்டார் தம்மிடமிருந்த எண்ணெயைத் தந்து அனுப்பினார்கள். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும்.

உணவும் நோன்பும்

டயலிசிஸ் நோயாளிக்கு ஆரோக்கியமான உணவு என்று நாம் கொண்டுபோவதே ஆபத்தாகலாம். இளநீர், வாழைப்பழம், தோடம்பழம், பேரீச்சம்பழம், உருளைக்கிழங்கு, கீரை என்பவற்றில் பொட்டாசியம் அதிகம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது செவ்விளநீர்க் குலையும் பழக்கூடையும் கொண்டுபோகும் வழக்கத்தை விடுவோம். நோயாளியைப் பொறுத்து அளவு மாறும் என்பதால் உணவு ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ ஒரு பட்டியல் எழுதி வாங்கிச் சமையலறையில் ஒட்டிவிடுவது நல்லது.

றமழானில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இப்தாரில் நாலைந்து பேரீச்சம்பழம், பழச்சாறு, உப்பான கஞ்சி, சமோசா என்று சேரும்போது ஒரே மாலையில் பொட்டாசியமும் உப்பும் எல்லை கடந்துவிடும். நோய் முற்றியவர்கள், டயலிசிஸ் செய்பவர்கள், அண்மையில் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் நோன்பு நோற்க வேண்டாம் என்றே வைத்தியர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் றமழானுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு மருந்து நேரங்களைச் சரிசெய்ய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பித்யா பற்றி உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாப்பா முதல் றமழானில் நோன்பை விட முடியாமல் அழுதார். பள்ளிவாசல் இமாம் வீட்டுக்கு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். நாங்கள் பத்து நாட்களாகச் சொல்லிக் கேட்காதவர், இமாம் சொன்ன பிறகு அமைதியானார்.

மாற்றுச் சிகிச்சையும் தானமும்

தகுதியானவர்களுக்குச் சிறந்த சிகிச்சை சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சையே. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டனில் வைத்தியர் ஜோசப் மரே, ஒரு இரட்டையரின் சிறுநீரகத்தை மற்ற இரட்டையருக்குப் பொருத்தி இதில் முதல் வெற்றியைக் கண்டார். இலங்கையில் 1985இல் இது ஆரம்பமானது. அதில் முன்னின்ற சத்திரசிகிச்சை நிபுணர் பேராசிரியர் ஏ.எச். ஷெரிப்தீனும், சிறுநீரக வைத்திய நிபுணர் பேராசிரியர் ரிஸ்வி ஷெரிபும் எமது சமூகத்தைச் சேர்ந்தவர்கள். இதை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலரும்.

புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றில் ஒரு பக்கமாகப் பொருத்துவார்கள். பழையவற்றைப் பெரும்பாலும் அகற்றுவதில்லை. உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்காமலிருக்க டக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். உயிருள்ளவர் தானமாகத் தந்த சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 வருடங்கள் வரை இயங்கும்.

தானம் செய்பவருக்கு என்ன ஆகும்? இரத்த வகை, இழைய ஒற்றுமை, இதயம், சீனி, பிரஷர், மனநிலை எல்லாவற்றையும் பரிசோதித்த பின்பே அனுமதிப்பார்கள். மிஞ்சும் ஒரு சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆபத்து முற்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவனமாகத் தெரிவு செய்யப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வழமையான வாழ்க்கையே வாழ்கிறார்கள். குடும்பத்தில் தானம் என்றதும் மனைவியையும் தாயையும் சகோதரியையும் மட்டும் முன்னுக்குத் தள்ளும் பழக்கம் சரியல்ல. ஆண்களும் முன்வர வேண்டும். எவர் தந்தாலும் மனவிருப்பத்தோடு தர வேண்டும்.

மார்க்கம் அனுமதிக்கிறதா என்பது எமது மக்களின் முதற்கேள்வி. இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, 1988 பெப்ரவரியில் ஜித்தாவில் கூடிய 4ஆவது அமர்வில், நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்துக்கு அனுமதி உண்டு என்று தீர்மானித்தது. தருபவரின் உயிருக்கு ஆபத்து நேரக் கூடாது, உறுப்பை விலைக்கு விற்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. எமது நாட்டின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டமும் உறுப்பு விற்பனையைத் தடை செய்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் தம் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நான் வாப்பாவுக்குத் தர முன்வந்தேன். எங்கள் இரத்த வகை ஒன்று. “உன்ட உடம்புல கத்தி வெச்சு எனக்கு ஒரு சீவியம் வேணா மகன். உனக்கும் பிள்ளைகள் இருக்கு” என்று மறுத்துவிட்டார். ஒரு வருடம் பேசிப் பேசி அவர் சம்மதித்தபோது இதயம் பலவீனமாகி, சத்திரசிகிச்சையைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். 2022 செப்டெம்பரில் வாப்பா எங்களை விட்டுப் பிரிந்தார். ஆயுளை நிர்ணயிப்பவன் அல்லாஹ். அதை நம்புகிறேன். ஆனால் எங்கள் கையில் தரப்பட்ட காலத்தை நாங்கள் வீணாக்கினோம் என்பதையும் மறுக்க முடியாது. 2016இல் அந்த ரிப்போட்டோடு கிளினிக்குக்குப் போயிருந்தால் மருந்துக்கும் பிஸ்டியூலாவுக்கும் மாற்றுச் சிகிச்சைக்கும் அவகாசம் இருந்திருக்கும்.

சமூகமாக நாம் செய்யக்கூடியது

வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு நோயாளியின் படமும் வங்கிக் கணக்கிலக்கமும் வட்ஸ்அப் குழுக்களில் வருகின்றன. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்து வசூலிக்கிறோம். வெளிநாட்டில் உள்ள எமது சகோதரர்கள் இலட்சக்கணக்கில் அனுப்புகிறார்கள். மிக நல்ல காரியம், தொடர வேண்டும். ஆனால் அந்த வசூலில் ஒரு சிறு பகுதியை நோய் முற்றுவதற்கு முன்பே செலவிடலாமே! நான் மேலே சொன்ன இரண்டு பரிசோதனைகளுக்கும், ஒரு குடும்பம் ஹோட்டலில் ஒருநேரம் சாப்பிடும் காசு கூட ஆகாது.

ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தோடு பேசி, வருடத்துக்கு ஒரு நாள் மஹல்லாவில் பரிசோதனை முகாம் நடத்தலாம். மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழன் உலக சிறுநீரக தினம், அதை ஒட்டி வைத்தால் நினைவில் நிற்கும். பெண்களுக்குத் தனியான நேரமும் இடமும் ஒதுக்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன்னைப் பரிசோதிக்காமல் இருப்பவர் பெரும்பாலும் உம்மாதான். டயலிசிஸுக்குப் போகும் ஏழை நோயாளியின் பயணச் செலவை ஒரு குழு மாதாமாதம் பொறுப்பேற்கலாம். வசதி உள்ளவர்கள் அரச வைத்தியசாலைக்கு ஒரு டயலிசிஸ் இயந்திரம் வாங்கித் தருவது எத்தனையோ பேருக்குப் பயன் தரும் நிலையான தர்மமாகும்.

எனது காக்காவுக்கும் சீனி வியாதி இருக்கிறது. வாப்பாவின் நாற்பது முடிந்த மறுவாரம் அவரை நான் கையைப் பிடித்துத்தான் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனேன். கிரியேட்டினின் சரியாக இருந்தது. சிறுநீர் அல்புமின் மட்டும் 140. “இது ஒண்டும் பெரிசில்லையே தம்பி” என்றார். வாப்பாவின் குரலையே கேட்டது போல இருந்தது. அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனோம். மருந்து மாற்றினார்கள், உப்பைக் குறைத்தார், நோவு மாத்திரையை நிறுத்தினார். கடைசியாகச் செய்தபோது அது 50க்குக் கீழே வந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ். அவருடைய ரிப்போட்டுகள் இப்போது திகதி வரிசையில் ஒரு பைலில் இருக்கின்றன. என்னுடையவையும் அதே பைலில்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு லாச்சி இருக்கும். இன்றே அதைத் திறந்து பாருங்கள். உம்மாவின், வாப்பாவின், உங்களுடைய கடைசி ரிப்போட்டில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். பக்கத்தில் நட்சத்திர அடையாளம் இருந்தால், அல்லது அந்தப் பரிசோதனையே செய்யப்படாமல் இருந்தால், அந்தக் கடதாசியையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.